குடிக்காதவர் கையில் கயிறு

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிணறு வெட்டியே மூன்று வீடு கட்டியவன் நான். ஆளின் நடையைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன். ஆவுடையார்கோவில் பஸ்ஸில், படியில் இரண்டு முறை தடுமாறி ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும், காலையிலேயே போட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

பக்கத்தில், மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு இருந்த அவர் மனைவி கேட்டார்: “அப்ப, நீங்க குடிக்கவே இல்லையா?”

“இதத்தானே புள்ள ஒரு வருசமா சொல்றேன்.”

“ரத்த டெஸ்ட்ல ஏறியிருக்கு, ஈரல் கெட்டிருக்குன்னு மொத டாக்டர் சொன்னாரே?”

“இந்தப் பெரியாஸ்பத்திரி டாக்டர் அப்படிச் சொல்லலையே. ஏறியிருக்கது என்சைம்னு ஒண்ணாம். ஈரல்லயும் இருக்காம், சதையிலயும் இருக்காம். திங்கிற சோத்த எரிச்சுத்தான் சதைக்குத் தெம்பு வருதாம். எனக்கு அது சரியா எரியாம, சதை நைஞ்சு, உள்ள இருக்க அந்த என்சைம்தான் ரத்தத்துல கசியுதாம்.”

குடியை நிறுத்தக் கோயிலில் கட்டிவிடும் கயிறு அவர் மணிக்கட்டில் இருந்தது. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சேனேங்க.”

“சத்தியத்த நான் மீறலையே. குடிக்காதவனுக்கு அது ரொம்பச் சுலுவு.”

அந்தம்மா சிரிக்கவில்லை. “ரோட்டுல நீங்க தள்ளாடுறப்பல்லாம், தெரியாதவ மாதிரி முன்னாடி போனேன்.”

ஊர் வந்தது. இரண்டு முறை முயன்றும் அவரால் எழ முடியவில்லை.

“என்னண்ணே, காலையிலேயேவா?” என்றார் கண்டக்டர்.

அந்தம்மா கணவரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“நானும் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், தம்பி. இவரு குடிச்சதே இல்ல.”