பின்னாடிக்காரன் பாறை

உக்காருங்க. பையெல்லாம் எறக்கி வைங்க. அருவி எங்கயும் ஓடிப்போகாது. தினம் ரெண்டு கூட்டத்தக் கூட்டிட்டு ஏறி எறங்கி எனக்கு முட்டியே விட்டுப்போச்சு. ஆனா இந்தக் கதையச் சொல்லாம மேல போறதில்ல.

ரொம்பக் காலம் முன்னாடிங்க, இந்தக் காட்ட அரசாங்கம் எடுத்த புதுசுல, கீழ ஈச்சங்குழியில பொன்னாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன். அப்பவும் உங்கள மாதிரி அருவி பாக்க ஆளுக வருவாங்களாம். ஆனா நடக்கமாட்டாங்க. துரை கம்புல கட்டுன நாக்காலில, அதான் டோலில, உக்காந்துக்குவாரு, நம்மாளுக நாலு பேர் தூக்கணும். தூக்கணும், எறக்கணும், மறுபடி தூக்கணும். அதான் பொழப்பு.

டோலிக்கு ஒரு முறை இருக்குதுங்க. பின்னாடி பிடிக்கறவனுக்கு வழி கண்ணுக்குத் தெரியாது. ஏத்தத்துல பாரம் பூராம் அவன் தோள்லதான் எறங்கும். அதனால அவன் "போலாம்"னு சொன்னாத்தான் தூக்குவாங்க. சொல்லாம தூக்குனா கவுந்துரும்.

அன்னைக்கு முன்னாடி பொன்னாண்டி, நடுவுல ரெண்டு பேரு, பின்னாடி அவரு பொண்டாட்டி தம்பி மாசாணம். "ஒடம்பு கொதிக்குது மாமா, நான் வரல"ன்னாராம் மாசாணம். "ஆள் கொறையுதுடா, மெதுவா ஏறிக்கலாம்"னு பொன்னாண்டிதான் கூட்டிட்டு வந்தது. அது அவரக் கடைசி வரைக்கும் தின்னுச்சும்பாங்க.

இந்தப் பாறைகிட்ட வந்ததும் மாசாணம் சாஞ்சுட்டாரு. டோலிய எறக்குனாங்க. வாயில தண்ணி ஊத்துனா வெளிய வருது.

"தூக்கு"ன்னாராம் துரை.

"பின்னாடிக்காரன் சொல்லலைங்க"ன்னாராம் பொன்னாண்டி.

"மூணு பேரு தூக்குங்க."

"அவன் சொல்லலைங்க துரை."

"உங்க குடிசை ஒண்ணு மிஞ்சாது. கொளுத்திப்புடுவேன்."

"கொளுத்துங்க. அவன் சொல்லட்டும்."

மச்சினன் தலைய மடியில வச்சுட்டு உக்காந்துட்டாராம். எந்திரிக்கவே இல்ல. யானைக்காடு, துரைக்குத் தனியா எறங்கப் பயம். அவரும் டோலிலயே உக்காந்திருந்தாரு. வெயில் ஏறுச்சு, வெயில் எறங்குச்சு. மாசாணம் கண்ணத் தொறந்து மாமன் கையப் பிடிச்சாராம். ஒதடு அசஞ்சுது, சத்தம் வரல. அப்படியே போயிட்டாரு. பாவம், சின்ன வயசு.

பொன்னாண்டி எந்திரிச்சு, துரையப் பாத்து, "எறங்குங்க"ன்னாராம்.

எறங்குனாரு. டோலில மாசாணத்த வச்சுத் தூக்குனாங்க. நாலாவது தோளத் துரை குடுத்தாருன்னு சிலபேர் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. பின்னாடி நடந்து வந்திருப்பாரு. குடிசையக் கொளுத்துனாங்களான்னு கேக்கறீங்களா? அந்த வருசமே கொளுத்திட்டாங்க. அதான் ஊரு இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது.

அதுல இருந்து இது பின்னாடிக்காரன் பாறை. ஆபீசரே வந்தாலும் இங்க உக்காரணும். கடைசியா ஏறி வர்றவங்க மூச்சு வாங்கி, அவங்க வாயால "போலாம்"னு சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. பொன்னாண்டி வச்ச முறை. மாசாணத்துக்குச் சொல்ல மூச்சு இல்ல, மூச்சு இருக்கறவங்க சொல்லட்டும்னு வச்சாராம்.