கையெழுத்து

கரோல் பாக்கில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில் நின்றபடி பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க தொலைதூரக் கல்வி ஆபீஸ் டைரக்டர் பரீட்சை ஹால்ல ஒரு பொண்ணுகிட்ட கை கூப்பி மன்னிப்புக் கேட்டாரு, அக்கா."

"அச்சா. தொலைதூரப் படிப்புன்னாலே முகத்தைச் சுளிப்பாரே, அவரா?"

"அவரேதான். பிட் அடிக்கிறவங்களைப் பிடிக்கத்தான் வந்தாரு. அந்தப் பொண்ணு உள்ளங்கையில ஏதோ எழுதியிருந்துச்சு. பிரிச்சுப் பாத்தா, 'நாலாம் பெட், ரெண்டு மணி, இன்சுலின்'னு இருக்கு. அவ நர்ஸு. பரீட்சை முடிஞ்சதும் டூட்டிக்கு ஓடணும்."

மூத்தவள் கேட்டாள்:

"வேலைக்குப் போறவங்களுக்காக ஞாயித்துக்கிழமை பரீட்சை வைக்கணும்னு ஒரு ஃபைல் அனுப்புவியே? 'டிஸ்கஸ்'னு எழுதி எழுதித் திருப்புவாரே?"

"இந்தத் தடவை எதுவும் எழுதல அக்கா. கையெழுத்து மட்டும் போட்டிருக்காரு."