ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ

இர்ஃபான்: ...இல்ல வாப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. பிரச்சினை லட்சுமணனுக்கு. என் ரூம்ல இருக்கான்ல, அவனுக்கு.

வாப்பா: எந்த லட்சுமணன்?

இர்ஃபான்: சொல்லியிருக்கேனே. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, என் ஆபீசுக்குக் கீழ முடிவெட்டுற கடை. அதுல வேலை பாக்குறான்.

வாப்பா: ம்... ஆபீசுக்குக் கீழ.

இர்ஃபான்: ஆமா. அவன் மத்தியானம் ஒருத்தர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டான். ஆறு மணிக்குள்ள மாத்திச் சொல்லலன்னா, ராத்திரி கிள்ளான்ல மேடையில மைக் வச்சு அந்தப் பொய்யச் சொல்லிருவாங்க. ரெண்டாயிரம் பேருக்கு முன்னாடி.

வாப்பா: லட்சுமணன் பொய் சொன்னா உனக்கு ஏண்டா மூச்சு வாங்குது?

இர்ஃபான்: படி ஏறி வந்தேன் லா.

வாப்பா: லாவா? ஒன்றரை வருசத்துல அந்த ஊர்ப் பேச்சு லா வந்துருச்சு. சரி, யாருகிட்ட பொய் சொன்னான்?

இர்ஃபான்: லோரி கால்வின்கிட்ட.

ஷபானா: டே, லோரி கால்வினா? ராப் பாடுறவனா? வாப்பா, அந்த ஸ்பீக்கரப் போடுங்க, நானும் கேக்கணும்.

இர்ஃபான்: லாத்தா, நீ அங்கதான் இருக்கியா...

ஷபானா: பின்ன? உன் அக்கா வேற எங்க இருப்பா? வாப்பா, உங்க கடையில ஓடுமே, பாட்டு ஆரம்பிக்கும்போது டக் டக்னு ரெண்டு தட்டு...

வாப்பா: அந்தச் சத்தம் போடுறவனா.

ஷபானா: சத்தங்கிறாங்க பாரு. போன வாரம் அந்தத் தாளத்துக்குத்தான் கத்தரி போட்டுக்கிட்டு இருந்தீங்க.

வாப்பா: கத்தரி அதுபாட்டுக்குப் போகும். நீ சொல்லுடா.

இர்ஃபான்: அந்த ரெண்டு தட்டு எதுக்குன்னு தெரியுமா லாத்தா? அவங்க அப்பா கபிரியேல் அங்கிள் செந்தூல்ல குப்பை லோரியில வேலை பார்த்தவரு. இருபத்தாறு வருசம். லோரி பின்னாடி தொங்கிக்கிட்டு வருவாங்கல்ல, அவங்க டிரைவருக்குச் சொல்றது அப்படித்தான். பக்கத்துத் தகரத்துல ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா போ.

ஷபானா: அதான் பாட்டு முடியும்போது ஒரே ஒரு தட்டா... நான் எதோ ஸ்டைலுன்னு நெனச்சேன்.

இர்ஃபான்: ஸ்டைலெல்லாம் இல்ல. அவன் நாலாம் வகுப்புல, ஸ்கூல் ஃபாரத்துல அப்பா வேலைன்னு கேட்ட இடத்துல கிராணின்னு எழுதிட்டானாம்.

வாப்பா: கிராணின்னா?

இர்ஃபான்: இங்க ஆபீஸ் கிளார்க்க அப்படித்தான் சொல்வாங்க. ரிப்போர்ட் கார்டு வாங்குற அன்னைக்கு அங்கிள் வேலையிலேர்ந்து நேரா வந்துட்டாரு. அதே உடுப்பு, அதே பூட்ஸ். கிளாஸ் முழுக்க ஒரே சிரிப்பு. அன்னையிலேர்ந்து பையனுக்கு லோரின்னு பேரு.

வாப்பா: அவங்க அப்பா அடிச்சாரா?

இர்ஃபான்: ஒரு வார்த்தை பேசலையாம். மறுநாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுப்பி லோரி முன்சீட்டுல ஏத்தி உக்கார வச்சாராம். தெருத்தெருவா போயிருக்காங்க. ஒரு வீட்டுல ஒரு ஆன்டி அங்கிளுக்குன்னு தேத்தண்ணி கலக்கி வாசல்ல வச்சிருக்கு. இன்னொரு வீட்டுல, கண்ணாடி உடைஞ்சது இருக்கு, கை பத்திரம்னு பைமேல சீட்டு எழுதி ஒட்டியிருக்காங்க. நம்ம அப்பா கையப் பத்தி யாரோ யோசிச்சிருக்காங்களேன்னு அன்னைக்குத் தோணுச்சுன்னு கால்வின் சொன்னான்.

ஷபானா: உன்கிட்டயா சொன்னான்?

இர்ஃபான்: ம்... லட்சுமணன்கிட்ட. முடிவெட்டுற நேரம் பூரா பேசிக்கிட்டே இருந்திருக்கான். அந்தக் கேலிப் பேரையே அப்புறம் மேடைக்கு வச்சுக்கிட்டான்.

வாப்பா: பேசினா தலை அசையுமே.

இர்ஃபான்: அதெல்லாம் பார்த்துத்தான் வெட்டினேன்... வெட்டினான்.

வாப்பா: ம்.

இர்ஃபான்: அவங்க அம்மா டோரிஸ் ஆன்டி இருக்காங்களே, அவங்கதான் அந்த வீட்டுக்கு சென்சார். புதுப் பாட்டு எதுவா இருந்தாலும் ராத்திரி ஜெபமாலை சொல்லி முடிச்சதும் வீட்டுல பாடிக் காட்டணும். பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டியும் வந்து உக்காந்துருமாம். அது முன்னாடி சொல்ல முடியாத வார்த்தை மைக்லயும் வேணாம், அவ்ளோதான் சட்டம்.

ஷபானா: அதான் அவன் பாட்ட மட்டும் உம்மா அணைக்கச் சொல்றதில்ல.

இர்ஃபான்: பீர் விளம்பரம் ஒண்ணு வந்துச்சாம். ஒரே பாட்டு, ஒரு வருசச் சம்பாத்தியம். அந்தப் பாட்டையும் இராஜம்மா ஆன்டிகிட்ட பாடிக் காட்டட்டுமான்னு கேட்டாங்களாம் டோரிஸ் ஆன்டி. முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டான்.

வாப்பா: இப்ப பெரிய பங்களாவுல இருப்பானே.

இர்ஃபான்: இல்ல வாப்பா. எதுத்தாப்ல கண்ணாடி கண்ணாடியா கொண்டோன்னு பெரிய வீடுங்க கட்டியிருக்காங்க, வாங்கல. நாலாவது மாடியிலேர்ந்து அதே பிளாட்ஸ்ல கீழ்வீட்டுக்கு மாறியிருக்கான். அங்கிளுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வாதம் வந்துருச்சு. பேச்சு போச்சு, தலை நிக்காம ஆடும். கீழ்வீடுன்னா காலையில லோரி வர்றது ஜன்னல்லேர்ந்து தெரியுமாம். தட்டுறது காதுல விழுமாம்.

ஷபானா: ...பாவம்டா.

இர்ஃபான்: இன்னைக்கு அங்கிளையும் கூட்டிட்டு வந்தான். ராத்திரி கிள்ளான்ல புதுப் பாட்டு, அப்பா முன்வரிசையில உக்காரணும், சவரம் பண்ணி விடுங்கன்னான். கடை வாசல்ல மூணு படி. தூக்கத்தான் போறான்னு நெனச்சோம். தூக்கல. கக்கத்துல கை கொடுத்து, ஒவ்வொரு படியா அவரையே ஏற வச்சான். வெளிய அத்தனை பேர் போன வச்சுப் படம் எடுக்குறாங்க, ஒருத்தரயும் திரும்பிப் பாக்கல.

வாப்பா: ஆடுற தலைக்கு எப்படி கத்தி வச்சான்?

இர்ஃபான்: அதான் வாப்பா. நுரை போட்டாச்சு, கத்தியும் எடுத்தாச்சு, தலை நிக்கவே மாட்டேங்குது. மொதலாளி வேற பார்த்துக்கிட்டே நிக்கிறாரு. அப்ப கால்வின் நாற்காலிக் கையில ஒரு தட்டு தட்டினான். ஒரே ஒரு தட்டு. அங்கிள் தலை அப்படியே நின்னுருச்சு.

ஷபானா: அல்லாவே...

இர்ஃபான்: இருபத்தாறு வருசப் பழக்கம்ல. ஒரு தட்டுன்னா நில்லு. ஒரு இழுப்பு முடியிற வரைக்கும் நிக்கும், திரும்ப ஆடும். திரும்ப ஒரு தட்டு. அப்படியே நல்ல பக்கத்துல ஆரம்பிச்சு, சுண்டு விரலைத் தாடையில ஊணிக்கிட்டு, தோலைக் காதுப் பக்கமா இழுத்து...

வாப்பா: சுண்டு விரலை ஊணியா?

இர்ஃபான்: ...ஆமா.

வாப்பா: அது நம்ம கடைப் பழக்கமாச்சே. லட்சுமணனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

இர்ஃபான்: கால்வினும் அதத்தான் கேட்டான். எங்கப்பாவுக்கு இவ்ளோ பதமா யாருமே பண்ணதில்ல, உனக்கு யாரு பாஸ் சொல்லிக் கொடுத்தான்னு. யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டான்.

ஷபானா: இதுதான் பொய்யா?

இர்ஃபான்: இது சின்னப் பொய். அந்தப் புதுப் பாட்டு அப்பாமாரோட வேலையப் பத்தி. பாடுறதுக்கு முன்னாடி, வழியில பார்த்தவங்க அப்பா பேரையெல்லாம் வாசிக்கப் போறான். இன்னார், டாக்சி ஓட்டுனாரு. இன்னார், பந்திங் தோட்டத்துல செம்பனைப் பழம் வெட்டுனாரு. உங்கப்பா பேரு சொல்லு பாஸ், என்ன வேலைன்னு கேட்டு போன்ல எழுதினான். ஏதாச்சும் மாத்தணும்னா ஆறு மணிக்குள்ள கூப்பிடுன்னு நம்பரும் குடுத்தான்.

வாப்பா: இவன் என்ன சொன்னான்?

இர்ஃபான்: தலைமை ஆசிரியர்னு.

ஷபானா: லட்சுமணனோட அப்பா என்ன வேலை பாக்குறாரு?

இர்ஃபான்: அதுக்கு முன்னாடி இதக் கேளு லாத்தா. கிளம்பும்போது கால்வின் ரெண்டு தட்டு தட்டினான். அங்கிள் எந்திரிக்கப் பார்த்தாரு. அந்த மனுசன் பேச முடியாம என் கையப் பிடிச்சாரு வாப்பா. முன்னப்பின்ன தெரியாதவரு. வழவழன்னு இருக்குற கன்னத்துல என் கைய வச்சு, நல்லாருக்குன்னு காட்டுறாரு. அந்தக் கையால நான்...

வாப்பா: யாரு கைய?

இர்ஃபான்: ...என் கைய. லட்சுமணன் இல்ல வாப்பா. அவன் சிமெண்டு கடையில வேலை பாக்குறான். ஆபீஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வந்த நாள்லேர்ந்து இந்தக் கடைதான்.

ஷபானா: டே...

இர்ஃபான்: உங்க கடையில பத்துப் பேருக்கு முன்னாடி கத்தியத் தூக்கிப் போட்டேன்ல. ஒஸ்தா மகன் ஒஸ்தாதான்னு ஊர்ல எவனும் சொல்ல விடமாட்டேன், செத்தாலும் இதத் தொடமாட்டேன்னு கத்திட்டு வந்தேன்ல. இங்க ஒரு நாளைக்கு முப்பது தலை வெட்டுறேன் வாப்பா. அது கூடப் பரவாயில்ல. உங்க பேரச் சொல்லிட்டு, பக்கத்துல தலைமை ஆசிரியர்னு... கால்வின் ஒன்பது வயசுல பண்ணத நான் இருபத்தினாலு வயசுல பண்ணிட்டேன்.

வாப்பா: இப்ப அங்க மணி என்ன?

இர்ஃபான்: அஞ்சே கால். உண்மையச் சொன்னா அந்த மேடை வீடியோல ஊருக்கெல்லாம் தெரியும். அதான், உங்ககிட்ட கேக்காம...

வாப்பா: அந்தப் பையனுக்கு இப்பவே போன் போடு. எழுதிக்கச் சொல்லு. பேரு சேகு முகைதீன். வேலை ஒஸ்தா. இங்க முடிவெட்டுறவர அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சொல்லு, வேற அலங்காரமெல்லாம் வேணாம்.

இர்ஃபான்: கோவமில்லையா வாப்பா?

ஷபானா: வாப்பா, என்ன சிரிக்கிறீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

வாப்பா: முதல் வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல பேசினானே, அன்னைக்கே தெரியும். நல்லாத்தான் காலண்டர் தெரியிற மாதிரி சுவத்துல சாஞ்சு நின்ன... ஆனா காலண்டருக்குப் பக்கத்து ஆணியில, பின்னந்தலை காட்டுற கைக்கண்ணாடி தொங்குதேடா. நாற்காலி, நாற்காலியில ஆளு, எல்லாம் அதுல தெரியுது. எந்த ஆபீஸ்ல அது தொங்கும்? ஊர்ல கேட்டவங்ககிட்டயெல்லாம் நானும் ஆபீஸ்னுதான் சொன்னேன். நீ சொல்ற வரைக்கும் அதுதான் உன் வேலை. ஆனா இனிமே கையில வேலை இருக்கும்போது போன் எடுக்காத. போன வாரம் அதே கண்ணாடியில ஒருத்தர் பாதி நுரையோட காத்துக்கிட்டே இருந்தாரு, பாவம்... நீ எடுத்த கிருதா ரெண்டும் நேராத்தான் இருந்துச்சு.