விளக்கைப் போடாமல் காத்திருந்த அக்காவுக்கு

ஊரார் உறக்கத்துக்கு முப்பத்தோரு ஆண்டுகள் காவலிருந்த கண்ணிமையே! எங்கள் உறக்க ஆய்வுக்கூடத்தின் தலைமைத் தொழில்நுட்பரே! சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அக்காவே! அன்பு வணக்கம்.

சேர்ந்த புதிதில் நாங்கள் அனைவரும் ஒரே தவற்றைத்தான் செய்தோம். மூடிய இமைக்குள் விழிகள் ஓடுவதைத் திரையில் கண்டதும் பாய்ந்துபோய் விளக்கைப் போட்டு, "என்ன கனவு கண்டீங்க?" என்றோம். படுத்திருந்தவர் விழித்தார், கனவு பறந்தது. "இப்படி அடிச்சுப் புரண்டு ஓடினா கனவு நிக்குமா? அவங்களா பேசுறவரைக்கும் வாய்க்குப் பூட்டுப் போடுங்கடி!" என்று கடிந்து, விளக்குப் பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டினீர்கள். பிறகு இருட்டிலேயே தண்ணீர்க் குவளையோடு நின்று காட்டினீர்கள். ஓரம் கறுத்துப்போன அந்தப் பிளாஸ்திரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பேருந்து ஓட்டுநரை மறக்க முடியுமா! அவர் ஓட்டிய பேருந்து சிக்கிய விபத்தில் யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் கனவில் மட்டும் அவருக்குப் பிரேக் பிடிக்கவேயில்லை. ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து படுத்தார். விழித்து வெகுநேரம் கழித்து, "இன்னைக்கும் பிடிக்கலம்மா" என்றார்.

"சரி, பிடிச்சா என்ன ஆகும்? சொல்லுங்க தம்பி."

"வண்டி நிக்கும். எல்லாரும் எறங்குவாங்க."

"டிக்கெட் வாங்காதவன் எவனாச்சும் நழுவுறானா பாருங்க!"

பல மாதங்களுக்குப் பின் அவர் சிரித்தார். அந்த முடிவையே தாளில் எழுதவைத்து, தினமும் பகலில் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். பகலில் விழுங்கிய அச்சத்தைச் செரிக்கக் கனவு பாடுபடுகிறது, அது திணறும்போது விழித்திருக்கும் மனமும் கைகொடுக்கலாம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். கண்ணால் கண்டது அப்போதுதான். நான்காம் வாரம், ஒரு காலையில், கண்ணைத் திறந்தவர் ஒரே சொல் சொன்னார்: "நின்னுடுச்சு." அவருக்கென்று வைத்திருந்த குவளைத் தண்ணீரை நீங்களே குடித்துவிட்டதை நாங்கள் பார்த்தோம், அக்கா.

இன்றோடு பணி ஓய்வு பெறுகிறீர்கள்; இனி நீங்கள் ஆசைதீர உறங்குங்கள். நோயின்றி, நெடுங்காலம், நினைத்தவர்களெல்லாம் கனவில் வந்துபோக வாழுங்கள்! என்ன கண்டீர்கள் என்று நாங்கள் முந்திக்கொண்டு கேட்க மாட்டோம்.

வாசலில் உங்களை வீட்டில் கொண்டுவிட ஒரு பேருந்து நிற்கிறது. ஓட்டுநர் அரை மணி முன்பே வந்துவிட்டார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம். உங்களிடம் சொல்லச் சொன்னார்.

இங்ஙனம்,
பிளாஸ்திரியை உரிக்க மனம் வராத
உறக்க ஆய்வுக்கூடப் பணியாளர்கள்