மல்லிகா ஒருத்தி, வரன் மூணு

ஹலோ... ஹலோ, எகனாமிக்ஸ் டீச்சருங்களா? ப்ளஸ் டூ தேவதர்ஷினியோட அம்மா செல்லக்கிளி பேசுறேன்... ஆமாங்க, திருவானைக்காவல்தான்... உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல.

கிளாஸ்ல கதை சொல்லிப் பாடம் நடத்துறீங்களாமே?... ஆமா, ஆமா, அந்த மல்லிகா கதைதான்... நீங்க பாடத்துக்குத்தான் சொன்னீங்க, சரி. இவ அதை வீட்டுக்குல்ல கொண்டாந்துட்டா!

நேத்து பெரியவ ஜோதியைப் பொண்ணு பாக்க வையம்பட்டிலேருந்து வந்தாங்க... இருங்க, முழுசாக் கேளுங்க. பஜ்ஜியைச் சாப்பிட்டுக் கையைத் துடைச்சதும் மாப்பிள்ளையோட அம்மா முப்பது பவுனு, ஒரு காருன்னு ஆரம்பிச்சாங்க. நாங்க தலையை ஆட்டிக்கிட்டு இருக்கோம். சின்னவ எந்திரிச்சு, "மல்லிகா ஒருத்தி, கேட்டு வந்தவங்க மூணு பேரு. தேவை கூடினா விலை ஏறும். எங்க அக்காவுக்கும் இது மூணாவது வரன். அப்ப நீங்கதானே தரணும்?"ங்குறா! பெத்த பொண்ணு என்ன கத்தரிக்காயா டீச்சர், விலை சொல்ல?...

சிரிக்காதீங்க!... இருமலா? சரி, சரி.

அந்தம்மா மொகம் கறுத்துடுச்சு. மாப்பிள்ளை மட்டும், "அது சொல்றது கரெக்ட்தானேம்மா"ன்னுட்டாரு... ஆமாங்க, அவரேதான்!... ம்... இல்ல, தட்டிப் போகலை. காலையில போன் பண்ணாங்க. காரு வேணாமாம். பவுனு உங்க இஷ்டம்னுட்டாங்க... சந்தோஷந்தான், யாரு இல்லைன்னா? உங்களுக்கு அதிரசம்கூட எடுத்து வச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணுங்க... எம் பையன் தமிழ்மணிக்கு இந்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம்... நாப்பது பவுன் கேக்கலாம்னு இருக்கோம்... அய்ய, அது வேறங்க! இன்ஜினியரிங் படிக்க வச்சிருக்கோம்ல?... அதெல்லாம் மல்லிகாவுக்குப் பொருந்தும், எங்களுக்கு எப்படி?... ஒரு வாரம் அந்தக் கதையை நிப்பாட்டி வைங்க, போதும். சின்னவளைக் கூட்டிட்டே போகலை நாங்க.

பொண்ணு வீடா? ஸ்ரீரங்கந்தான், அம்மா மண்டபம் ரோடு. டைல்ஸ் கடை வீரமலை இருக்காருல்ல, அவரு மூத்த பொண்ணு... ஆமா, தங்கச்சி ஒண்ணு இருக்காம்...

எங்க?... உங்க கிளாஸ்லயா?

மொத பெஞ்சா?... எகனாமிக்ஸ்ல எவ்வளவு வாங்குறா?... நூத்துக்கு நூறா!

டீச்சர்... டீச்சர், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் வச்சுருங்களேன்... ஹலோ?... ஹலோ?