காலுக்குத் தெரிந்த வீடு

கல்முனை பஸ்ஸில், மூடிக்கிடந்த சோதனைச்சாவடியைக் கண்டதும் என் கை தானாகவே அடையாள அட்டையை எடுத்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் என் கைக்கு யாரும் அறிவிக்கவில்லை. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் களைத்த குரலில் தன் கணவரைப் பற்றி அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“அவருக்கு மறதியே இல்லயாம் ராத்தா. டொக்டர் மூணு சாமானுட பேரச் சொல்லி, வேற கதை கதைச்சிப்போட்டுத் திரும்பக் கேட்டாரு. இவரு மூணையும் சொல்லிட்டாரு.”

“அப்ப ஏன் அந்திக்கு மஃரிப் தொழுதிட்டுக் கடக்கரைப் பழைய ஊட்டுக்கே போறாரு? சுனாமியோட அத்திவாரம்தானே மிச்சம்?”

“அது பழக்க ஞாபகமாம், வேறயாம். தலைக்குத் தெரிஞ்சது காலுக்குத் தெரியாதாம்.”

“நீயும் ஒவ்வொரு நாளும் போய்க் கூட்டிவாறாய்.”

“ஓம். ஊரு அவர பைத்தியம் எண்டு சொல்லிப்போடுமோ எண்டுதான் பயம்.”

இளையவள் அக்காவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து மீன் வாங்கிட்டு நானும் அங்கதான் போய் நிண்டன் ராத்தா. கதவத் தேடினன்.”

“அல்லாஹ்! பிறகு?”

“அவருதான் தேடி வந்தாரு. ‘வா புள்ள, ஊட்ட போவம்’ எண்டு புது ஊட்டுக்குக் கூட்டிப் போனாரு. வழி பிழைக்கவே இல்ல.”