அஞ்சு அண்ணனுக்கு ஒரு தங்கச்சி

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் மடியில் புதுச் சாரிப் பை. ஏறியதிலிருந்து வாயே திறக்காதவனைப் பேசவைக்கவோ என்னவோ, அவள் மகளின் ஸ்கூல் விடுகதையை எடுத்தாள்.

"ஒரு வீட்டுல அஞ்சு ஆம்பளப் புள்ளைங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தங்கச்சி. மொத்தம் எத்தனை புள்ளைங்க?"

"பத்து."

பின்னால் இருந்த நானும் பத்து என்றுதான் நினைத்தேன்.

"ஆறுங்க. அஞ்சு பேருக்கும் அவ ஒருத்திதானே தங்கச்சி. உங்க வீட்டுக் கணக்கே அதுதான், அதுல போய் தப்பு விட்டுட்டீங்க."

அவன் மடியிலிருந்த சாரிப் பையைத் தடவினான்.

"தங்கச்சி மக சடங்குக்கும் இதே மாதிரிதான் கணக்குத் தப்பிப்போச்சு. சீர் கொண்டுக்கிட்டு பெரியண்ணன் போவாருன்னு நான் இருந்துட்டேன். கிட்ட இருக்கிறவன் நான், நான் போயிருப்பேன்னு அவங்க நாலு பேரும் இருந்துட்டாங்க."

"அதுக்காகச் சடங்கு நின்னுபோகலதானே."

"நிக்கல. அஞ்சு தாய்மாமன் இருக்கிற புள்ளைக்கு, பக்கத்து லயத்து வீட்டுக்காரர் மாமன் எடத்துல நின்னு மாலை போட்டாரு."

"அதான் இப்ப போறோமே. தங்கச்சிக்கிட்டச் சொல்லிட்டீங்கதானே?"

"நேத்து போன் எடுத்தேன். கோபமாக்கூடப் பேசல. எத்தனை பேருண்ணே வர்றீங்க, சோறு ஆக்கணும்னு கேட்டா. அண்ணன்மாருல நான் ஒருத்தன்தான்னு சொல்ல வாய் வரல."

"அப்புறம் என்னதான் சொன்னீங்க?"

"அண்ணன்மாரு அஞ்சு பேரும்னு சொல்லிட்டேன்."